ஐந்து கொடிகளும் ஒரு நெசவாளியும்



பள்ளி ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளும் திருப்பூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்தேன். ஆண்டுதோறும் தவறாமல் நான் கேட்டு வந்த வினா ஒன்று உண்டு. "ஐரோப்பியர் இந்தியாவுக்கு வந்ததன் காரணம் யாது?" என்பதே அவ்வினா. "மிளகு, கிராம்பு, சாதிக்காய் முதலிய வாசனைப் பொருள்களை வாங்க வந்தனர்" என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் அளித்தேன். அவ்விடை பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே ஆகும். மறுபாதியை நான் ஓய்வு பெற்ற பின்னரே, சோழமண்டலக் கடற்கரையில் நின்று கற்றுக்கொண்டேன். கற்றதைச் சொல்வதற்கு எனக்கு இப்பொழுது வகுப்பறை இல்லை. ஆகவே வானொலியின் வாயிலாக உங்களிடம் சொல்ல முற்படுகிறேன்.

என்னை அக்கடற்கரைக்கு அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவர் ஒருவர். அவர் திருப்பூரில் சிறியதொரு பனியன் கம்பெனி நடத்தி வருகிறார். "ஐயா, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று நீங்கள் பாடம் நடத்திய ஊர்களை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். நீங்களும் உடன் வந்தால் இடத்துக்கு இடம் சொல்லித் தருவீர்கள்" என்று அழைத்தார். நானும் மகிழ்ந்து இசைந்தேன். சொல்லித் தருவதற்காகச் சென்ற நானே பாடம் படித்துத் திரும்புவேன் என்று அப்பொழுது எண்ணவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் பகல் நேர இரயிலில் திருப்பூரில் ஏறினோம். ஈரோடும் கரூரும் கடந்தன. கொங்கு நாட்டு மேட்டுக் காடுகள் மறைந்து, திருச்சிராப்பள்ளிக்குப் பின் காவிரிப் படுகையின் நெல்வயல்கள் தோன்றின. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறையை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி சேர்ந்தோம். காலையில் நூல் மூட்டைகளின் நடுவே புறப்பட்ட நாங்கள் மாலையில் கடல் அலைகளின் முன்னே நின்றோம்.

இக்கடற்கரையின் தனிச்சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலம் என்னும் நம் சொல்லே ஐரோப்பியர் வாயில் திரிந்து கோரமண்டலம் ஆயிற்று. வடக்கே பழவேற்காட்டிலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமே உள்ள கரை இது. இக்குறுகிய கரையில் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் கொடிகள் பறந்தன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறினர். ஒல்லாந்தர் 1610ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கால் ஊன்றி, 1613இல் அங்குக் கோட்டை கட்டினர். டென்மார்க்கு நாட்டினராகிய டேனியர் 1620இல் தரங்கம்பாடியைப் பெற்றனர். ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பெற்றனர். பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியிலும், 1739இல் காரைக்காலிலும் அமர்ந்தனர். உலகில் வேறு எத்தனையோ நீண்ட கடற்கரைகள் இருக்க, இந்தச் சிறு கரையில் ஐந்து நாட்டார் நெருக்கியடித்து நின்றது ஏன்? இவ்வினாவைத்தான் நான் வகுப்பில் ஒருநாளும் கேட்டதில்லை.

தரங்கம்பாடிக்குள் நுழைவோரை 1792ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற நகர வாயில் வரவேற்கிறது. அதன் உள்ளே நேரான தெருவும், தூண்கள் தாங்கிய தாழ்வாரங்களையுடைய பழைய வீடுகளும், இரு தேவாலயங்களும் உள்ளன. தெருவின் முடிவில் கடல். கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. ஐரோப்பியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இது துறைமுகப் பட்டினமாக விளங்கிற்று என்பதற்கு அக்கோயில் சான்று. ஐரோப்பியர் ஒன்றுமில்லாத மணற்பரப்பில் வந்து இறங்கவில்லை. ஏற்கெனவே வணிகம் நிகழ்ந்த கரையில் வந்து சேர்ந்தனர்.

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் டேன்ஸ்பர்க் கோட்டை உள்ளது. ஓவே கியெத்தே என்னும் டேனியத் தளபதி, இலங்கையில் இடம்பெற முயன்று பயன் காணாமல், இக்கரைக்கு வந்தார். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உடன்படிக்கை செய்துகொண்டு இக்கோட்டையை எழுப்பினார். டென்மார்க்கு மன்னருக்கு இரகுநாத நாயக்கர் பொன்னோலையில் எழுதி விடுத்த கடிதம் இன்றும் கோபன்ஹேகன் நகரின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கோட்டை இப்பொழுது தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரிமாரும் தங்கினர். கீழ்த்தளம் சரக்குக் கிடங்காகப் பயன்பட்டது. கவிந்த கூரையையுடைய அக்கிடங்குகளின் குளிர்ச்சியில் நின்றபொழுது என் மாணவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, மிளகு வாங்க வந்தார்கள் என்று படித்தோம். மிளகு விளைவது மேற்கே மலையாள நாட்டு மலைகளில் அல்லவா? இங்கே சுற்றிலும் நெல்வயலும் மணலும்தானே உள்ளன? இந்தக் கிடங்குகளில் எதை அடுக்கி வைத்தார்கள்?"

நேயர்களே, முப்பத்து மூன்று ஆண்டுகள் கேள்வி கேட்டே பழகியவன் நான். அன்று விடை கூறத் தடுமாறினேன். "ஊருக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன், தம்பி" என்று மட்டும் சொன்னேன். ஊர் திரும்பி நூல்களைப் புரட்டியபொழுது தெரிந்த விடை எனக்கு நாணத்தையும் வியப்பையும் ஒருங்கே தந்தது. அக்கிடங்குகளில் தலையாய சரக்காக அடுக்கப்பட்டது துணி. நம் ஊரின் பிழைப்பாகிய அதே பருத்தித் துணி.

அதன் காரணத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிராம்பும் சாதிக்காயும் விளைந்தவை இந்தோனீசியத் தீவுகள். அத்தீவு மக்கள் ஐரோப்பாவின் கம்பளித் துணியை விரும்பவில்லை. அவர்களது வெப்ப நாட்டில் அது எதற்குதவும்? அவர்கள் பல நூற்றாண்டுகளாக விரும்பி வாங்கியவை நம் நாட்டுப் பருத்தி ஆடைகளே. எனவே வாசனைப் பொருள் வேண்டியவன் முதலில் துணி வாங்க வேண்டியிருந்தது. துணி வாங்க வெள்ளி வேண்டியிருந்தது. அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த வெள்ளி ஐரோப்பா வழியாக இக்கரையில் வந்து இறங்கியது. அது துணியாக மாறிக் கிழக்கே சென்றது. அங்கு மிளகாகவும் கிராம்பாகவும் மாறி ஐரோப்பா திரும்பியது. சில பத்தாண்டுகளில் ஐரோப்பியருக்கே அத்துணியின் மீது ஆசை பிறந்தது. எத்தனை முறை துவைத்தாலும் நிறம் மங்காத சீட்டித் துணி அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் அந்நாட்டுச் சீமாட்டிகளை மயக்கின. ஆங்கிலேயர் சென்னை மணற்கரையைத் தேர்ந்ததற்கும் அப்பகுதியில் துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணமாகும்.

இனி அத்துணியை வாங்கிய முறையைப் பாருங்கள். கப்பல் ஆண்டுக்கு ஒரு முறையோ இருமுறையோ வரும். அதற்குள் குறித்த அளவு துணி தயாராக இருக்க வேண்டும். ஆகவே கும்பினியார், துபாசிகள் வாயிலாகப் பெருவணிகருடன் ஒப்பந்தம் செய்துகொள்வர். பெருவணிகர் தரகரிடம் பணம் தருவார். தரகர் ஊர் ஊராகச் சென்று நெசவாளிக்கு முன்பணம் தருவார். நெசவாளி நூல் வாங்குவார். ஒரு தறிக்கு நூல் தரப் பல பெண்கள் இராட்டையில் நூற்றனர். நெய்த துணி வெளுப்போரிடமும் சாயமிடுவோரிடமும் சென்று, இறுதியில் கோட்டையின் கிடங்கை அடையும். அங்கு நீளம், அகலம், இழையின் நெருக்கம், நிறம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பர். மாதிரிக்கு ஒவ்வாத துணி திருப்பி அனுப்பப்படும். அல்லது விலை குறைக்கப்படும். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, இவ்வணிக உலகத்தைக் கண்முன் நிறுத்தும் அரிய கருவூலம் ஆகும்.

இவற்றை நான் எடுத்துரைத்தபொழுது என் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, இதில் புதிதாக ஒன்றும் இல்லையே! ஆர்டர், அட்வான்ஸ், சாம்பிள், செக்கிங், ரிஜெக்ட், கப்பல் புறப்படும் தேதி. நான் அன்றாடம் படும் பாடுதான் இது" என்றார். மேலும் ஒன்று சொன்னார். "அவர்களும் கும்பினி என்றுதான் சொன்னார்கள், நாங்களும் கம்பெனிக்குப் போகிறோம் என்றுதான் சொல்கிறோம்." திருப்பி அனுப்பப்பட்ட பனியன்கள் காதர்பேட்டையில் குவியல் குவியலாக விற்பனைக்குக் கிடப்பதை நானும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆயினும் அதனை வரலாற்றுப் பாடத்தோடு இணைத்துப் பார்க்கும் கண் எனக்கு இருந்ததில்லை.

சொற்களே இத்தொடர்புக்குச் சான்று கூறுகின்றன. குஜராத்தி மொழியில் வணிகரைக் குறிக்கும் வாணியோ என்னும் சொல்லைப் போர்த்துகீசியர் பனியன் என்று திரித்து வழங்கினர். பின்னர் அப்பெயர் இந்தியர் உடையைப் போன்று தைத்த தளர்ந்த மேலங்கிக்கு ஆயிற்று. நாளடைவில் அது உள்ளாடையின் பெயராகி நம்மிடமே திரும்பி வந்தது. நம் தையற்கூடங்களில் வழங்கும் பொத்தான், காஜா, இஸ்திரி ஆகிய மூன்றும் போர்த்துகீசியச் சொற்களின் வழிவந்தவையே. அக்கடற்கரையைக் கண்ணால் காணாத திருப்பூர்த் தொழிலாளியின் நாவிலும் அதன் வரலாறு குடியிருக்கிறது.

இங்குத்தான், நேயர்களே, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ஐந்து கொடிகள் பறந்த அக்காலத்தில் நெசவாளி ஏதிலியாக இருந்தான் என்றே நாம் எண்ணுகிறோம். அவன் செல்வனல்லன், பஞ்சம் வந்தபொழுது மடிந்தவர்களுள் அவனும் ஒருவன். ஆயினும் அவன் கையில் ஓர் ஆற்றல் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழக்கம் நெசவாளரிடையே இருந்தது. ஆங்கிலேயர் கொடுத்த விலை போதாதென்றால் பிரெஞ்சுக்காரருக்கு நெய்யலாம். பிரெஞ்சுக்காரர் கடுமை காட்டினால் டேனியர் ஊருக்கோ ஒல்லாந்தர் ஊருக்கோ போகலாம். நம் நாட்டு வணிகரும் வாங்கக் காத்திருந்தனர். கொடுமை மிகுந்த இடத்திலிருந்து நெசவாளர் தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வெளியேறியதும் உண்டு. ஆகவே நெசவாளரை வருந்தி அழைத்துக் குடியமர்த்த வேண்டிய தேவை கும்பினிகளுக்கு ஏற்பட்டது. 1734ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர் ஊராகவே ஏற்படுத்தினார். சென்னையில் இன்று நெரிசல் மிகுந்த அந்தப் பேட்டை, நெசவாளியின் கைக்கு இருந்த மதிப்பின் நினைவுச் சின்னம் என்று சொல்லலாம்.

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே சிறிது தொலைவில் காரைக்கால் உள்ளது. வணிகர் குலத்தில் பிறந்த காரைக்கால் அம்மையாரால் புகழ்பெற்ற ஊர் அது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி அங்கு முடிவுற்றது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்களில் நடந்தபொழுது, பிரெஞ்சுக்காரர் இக்கரையிலிருந்து ஏற்றுமதி செய்த நீலத் துணியின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. கினித் துணி என்று அதற்குப் பெயர். அவுரிச் சாயத்தில் தோய்ந்த அத்துணி, பிரான்சு வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டை அடைந்தது. அங்கு அது பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் மனிதரை அடிமைகளாக வாங்கவும் இந்தியத் துணி விலையாகத் தரப்பட்டது. தன் கையால் நெய்த துணி கடலுக்கு அப்பால் ஒரு மனிதனின் கழுத்துக்கு விலையாகப் போகிறது என்பதை நெய்தவன் அறியான். சரக்கு எங்குச் செல்கிறது என்பதை உழைப்பவன் அறியாதிருப்பது பழைய காலத்தோடு ஒழிந்துவிட்டதா என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அதே காரைக்கால் துறையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதரும் ஏற்றுமதியாயினர். ரியூனியன், மார்த்தினீக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினர். முதலில் துணி சென்ற துறையில் பின்னர் மக்கள் சென்றனர். இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்தது என்ன?

அதற்கு விடை தேடி நாகப்பட்டினத்துக்குச் செல்ல வேண்டும். போர்த்துகீசியரிடமிருந்து 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய ஊர் அது. 1690இல் தம் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அவ்வூருக்கு மாற்றினர். 1781ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைப் பிடித்துக்கொண்டனர். அதற்கு முன்னரே, 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, கோட்டை தரைமட்டமாக்கப்பட்டிருந்தது. பின்னர் அவ்வூர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பினாலும் பழைய வலிமை திரும்பவில்லை. கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியிடம் விற்றுவிட்டுச் சென்றனர். பாடப் புத்தகத்தில் இவற்றைப் போர்களின் பட்டியலாகவும் உடன்படிக்கைகளின் பட்டியலாகவும் நான் நடத்தினேன். நெசவாளியின் பக்கம் நின்று பார்த்தால் இவை அனைத்திற்கும் ஒரே பொருள்தான் உண்டு. துணி வாங்குவோர் பலராக இருந்தது போய், ஒருவரானார்.

வாங்குபவர் ஒருவரே ஆனபொழுது முன்பணம் விலங்காயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கும்பினி தன் குமாஸ்தாக்களை நெசவாளர் ஊர்களுக்கே அனுப்பியது. பிறருக்கு நெய்தலைத் தடுத்தது. முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகும் உரிமையையும் ஒடுக்கியது. 1792இல் சேலமும் 1799இல் கோயம்புத்தூரும் கும்பினி ஆட்சிக்குட்பட்டன. சேலத்தில் கும்பினியின் வணிக முகவர் அமர்ந்தார். நம் கொங்கு நாட்டுத் தறிகளையும் அவ்வாறு அக்கை எட்டிப் பிடித்தது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. நம் துணியைக் கண்டு அஞ்சிய பிரான்சு 1686ஆம் ஆண்டில் அச்சிட்ட பருத்தித் துணியைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் தடைச் சட்டங்கள் இயற்றியது. சட்டத்தின் நிழலில் அந்நாடுகளின் சொந்தத் தொழில் வளர்ந்தது. இங்கு வாழ்ந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் துணிக்கு வண்ணமிடும் நம் முறையைச் சாயக்காரரிடம் படிப்படியாகக் கேட்டறிந்து, 1742ஆம் ஆண்டில் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். பின்னர் நூற்பு இயந்திரமும் விசைத்தறியும் தோன்றின. 1813இல் இந்திய வணிகத்தில் ஆங்கிலக் கும்பினிக்கு இருந்த தனியுரிமை நீக்கப்பட்டபின், இலங்காசயர் ஆலைத் துணி நம் சந்தைகளில் வந்து குவிந்தது. துணி ஏற்றுமதி செய்த கரை துணி இறக்குமதி செய்யும் கரையாயிற்று. தறி நின்ற வீடுகளிலிருந்தும், தண்ணீர் வறண்ட வயல்களிலிருந்தும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள்தாம் பின்னர்க் கப்பலேறினர்.

நேயர்களே, இவ்வரலாற்றில் நெசவாளி தோற்றது கைத்திறன் குறைந்ததால் அன்று. அவன் துணிக்கு நிகரான துணியை நெடுங்காலம் எவரும் நெய்யவில்லை. வேறு இடம் செல்லும் வழி அடைபட்டதே அவன் தோல்வியின் தொடக்கம். இயந்திரம் அதன் பின்னர் வந்து அத்தோல்வியை முடித்து வைத்தது.

நம் திருப்பூர் இக்கதையின் பிற்பகுதி. இலங்காசயர்த் துணிக்கு எதிராகக் கதர் இயக்கம் எழுந்தபொழுது, 1920களில் அவ்வியக்கத்தின் தலையாய நிலையங்களுள் ஒன்றாக நம் ஊர் விளங்கிற்று. 1932ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் கொடி காத்த குமரன் உயிர் நீத்ததும் இவ்வூரில்தான். பின்னர்ப் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. 1970களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு நேரடி ஏற்றுமதி பெருகத் தொடங்கிற்று. இத்தாலியரும் செருமானியரும் டேனியரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மீண்டும் துணி தேடி வந்தனர். இம்முறை கோட்டை கட்டவில்லை. தங்கும் விடுதியில் அறை எடுத்தனர். இதனைப் பெருமையென்றே சொல்ல வேண்டும். பல இலட்சம் பேருக்குச் சோறு போட்ட தொழில் இது. என் மாணவர்கள் பலரின் வீட்டில் அடுப்பு எரிந்தது இதனால்தான்.

ஆயினும் பழைய கரையின் பாடம் இரண்டு வகையில் நம்மை நோக்கிப் பேசுகிறது. முதலாவது, வாங்குவோர் எத்தனை பேர் என்பது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஒரே நாட்டின் ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் கலங்கின. பல நாடுகளுக்குச் சரக்கு அனுப்பியவை ஓரளவு தாங்கி நின்றன. அந்நாள்களில் என் மாணவர் என்னைக் காண வந்திருந்தார். "ஐயா, நாகப்பட்டினத்தில் கொடி இறங்கிய கதையைச் சொன்னீர்களே, அது இப்பொழுதுதான் எனக்கு முழுவதும் விளங்குகிறது" என்றார். கம்பெனி முதலாளிக்கு உள்ள இந்நீதி தொழிலாளிக்கும் உண்டு. ஒரு கம்பெனியில் கூலி போதாதென்றால் மற்றொரு கம்பெனிக்குப் போகலாம் என்னும் உரிமையே அவருடைய கையிருப்பு. முன்பணம் அவ்வுரிமையைக் கட்டிப்போடாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, சாயம். சாயவேரும் அவுரியும் கொண்டு உலகை மயக்கிய நாடு இது. நாமோ சாய நீரை நொய்யலாற்றில் விட்டோம். நீரைத் தேக்கி வேளாண்மையைக் காக்கக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. கீழே இருந்த உழவர் நிலம் பாழாயிற்று. 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின்னரே, கழிவு நீரை முற்றிலும் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாகிப் பரவலாயிற்று. இப்பிழைக்கு எந்த வெள்ளைக்காரக் கும்பினியையும் குறை கூற இயலாது. இது நாமே செய்த பிழை. ஆற்றங்கரையில் பிறந்த நானும் அன்று வாய் திறக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் மீண்டும் ஒரு முறை தரங்கம்பாடிக்குச் சென்றோம். 1706ஆம் ஆண்டில் அங்கு வந்து, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயர், 1718இல் கட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தில் துயில்கிறார். எழுத்தறிவித்த அப்பெரியாரின் கல்லறை முன் ஆசிரியன் என்ற முறையில் தலை வணங்கினேன். வெளியே வந்து பழைய டேனியர் கல்லறைகளையும் பார்த்தோம். ஆளுநருக்கும் வணிகருக்கும் மாலுமிக்கும் பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள் உள்ளன. யாருடைய துணிக்காக இவர்கள் அனைவரும் கடல் கடந்து வந்து இம்மண்ணில் மடிந்தார்களோ, அந்த நெசவாளிக்கு ஒரு கல்லும் இல்லை.

"இவர்கள் பெயரையெல்லாம் படித்துவிட்டோம், ஐயா. நெய்தவன் பெயர் எங்கே இருக்கும்?" என்று என் மாணவர் கேட்டார். இம்முறை நான் தடுமாறவில்லை. "உன் கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, தம்பி. அதனைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்றேன். அவர் சிரித்தார், பின்னர்ச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தலையசைத்தார்.

இன்று எனக்கு மீண்டும் ஒரு நாள் வகுப்பறை கிடைக்குமானால், பழைய வினாவையே கரும்பலகையில் எழுதுவேன். மிளகு என்று எழுதும் பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் தருவேன். துணி என்றும் சேர்த்து எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தருவேன். "துணிக்காக வந்தனர்; பலராக வந்தபொழுது நெய்தவன் நிமிர்ந்து நின்றான்; ஒருவராகச் சுருங்கியபொழுது குனிந்தான்" என்று எழுதும் பிள்ளை ஒன்று இருந்தால், அப்பிள்ளையை எழுப்பி நிறுத்தி வகுப்பு முழுவதும் கேட்க அவ்விடையைப் படிக்கச் சொல்வேன். அப்பிள்ளையின் தாய் அந்நேரத்தில் ஏதேனும் ஒரு கம்பெனியில் செக்கிங் மேசையின் முன் நின்று, பனியனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.